கூழைமங்கலத்துத் தாம்பாளம்

கடந்த ஆண்டு பிப்ரவரி 11, காலை பத்து மணிக்கு, கூழைமங்கலம் அம்மன் கோயிலின் வெள்ளித் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் பார்க்க மூன்று பேர் கொண்ட குழு கூடியது. தலைவர், ஓய்வுபெற்ற சார்பதிவாளர் அம்பலத்தாடி. மற்ற இருவர், மேலத்தெரு வைரவநாதனும் கீழத்தெரு சங்கிலிமுத்துவும்.

தாம்பாளம் லண்டனில் செய்தது. 1891இல் அதைக் கோயிலுக்குக் கொடுத்தது தன் பூட்டன் என்றார் வைரவநாதன். 1923இல் கொடுத்தது தன் தாத்தா என்றார் சங்கிலிமுத்து. கொடுத்தவர் வம்சத்துக்குத்தான் கொடை விழாவில் முதல் பரிவட்டம். முந்தைய கொடையில் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததில் பரிவட்டம் இரண்டு கைக்குட்டையாயிற்று.

குழு முதலில் ஒரு தீர்மானம் போட்டது: தட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே முதல் மரியாதை. பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால் பாரபட்சம் வராது என்பது தலைவரின் அனுபவம்.

சென்னையில் அருங்காட்சியக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மங்களேஸ்வரி அம்மாளிடம் தொலைபேசியில் கேட்டார்கள். தட்டின் அடியில் நாலு சின்னக் குறிகள் இருக்கும் என்றார் அவர். செய்தவர் பெயரின் முதலெழுத்துகள், வெள்ளி சுத்தம் என்பதற்குச் சிங்கம், சோதித்த ஊருக்குச் சிறுத்தைத் தலை, வருஷத்துக்கு ஓர் எழுத்து. தேய்க்காமல் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்றார்.

பார்த்தார்கள். வெறுங்கண்ணுக்கு எள்ளளவு இருந்த சிங்கம் கண்ணாடியில் மொச்சையளவு இருந்தது.

"இல்லாத சதையைக் காட்டுது. இந்தக் கண்ணாடி சாட்சிக்கு லாயக்கில்லை" என்றார் சங்கிலிமுத்து.

"சிங்கம் அந்தப் பருமன்தாம்வே. ஒம்ம கண்ணுதான் அதைச் சின்னதாக்குது" என்றார் வைரவநாதன்.

தலைவர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, சிங்கம் பயறளவு என்று முடிவு சொன்னார்.

படம் எடுத்து அனுப்பும்படி அம்மாள் கேட்டிருந்தார். அனுப்பினார்கள். அதில் தாம்பாளத்தைப் பிடித்தபடி இருவர், நடுவில் தலைவர், பின்னால் கோபுரம். அம்மாளுக்குச் சலித்துவிட்டது.

"எனக்குத் தட்டும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். குறி மட்டும் போதும்."

நியாயமான கோரிக்கை என்று குழு கருதியது. ஆசாரியை வரவழைத்து நாலு குறியையும் வெட்டி எடுத்தார்கள். ஓட்டை விழுமே என்று ஆசாரி சொல்லிப் பார்த்தார். தட்டு வேண்டாமென்று சென்னை அம்மாளே சொல்லியாயிற்று என்று தலைவர் விளக்கினார்.

நாலையும் ஒருவரிடம் கொடுத்தனுப்ப மற்றவருக்கு நம்பிக்கையில்லை. மூவருமே சென்னைக்கு ரயிலேறினார்கள். வருஷ எழுத்து மேலத்தெருவிடம், பெயரெழுத்து கீழத்தெருவிடம். சிங்கமும் சிறுத்தையும் ஒன்றையொன்று கடித்துவிடாதபடி தலைவரின் சட்டைப்பையிலும் இடுப்பு மடிப்பிலும் தனித்தனியே பயணம் செய்தன.

துண்டுகளை மங்களேஸ்வரி அம்மாள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு தட்டு எங்கே என்று கேட்டார். ஊரில் பத்திரமாக இருக்கிறது, குங்குமம்தான் ஒழுகுகிறது என்றார்கள்.

செய்த வருஷம் 1907 என்றார் அம்மாள். அப்படியானால் 1891இல் இந்தத் தட்டே கிடையாது. வைரவநாதன் முகம் தொங்கியது; சங்கிலிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். 1923இல் யார் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம், கொடுத்தவர் யாரென்று குறி சொல்லாது என்று அம்மாள் முடித்ததும், சங்கிலிமுத்து மடித்ததை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"அப்போ தட்டுல பேரே இல்லையாம்மா?" என்றார் தலைவர்.

"இருக்கு. செஞ்சவர் பேர். டி.எச்.னா தாமஸ் ஹார்டில்."

தலைவர் எழுந்து நின்றார். தீர்மானத்தில் கொடுத்தவர், செய்தவர் என்ற பேதமே இல்லை. பெயர் இருந்தால் போதும்.

"அவரு எந்தத் தெரு?" என்று கேட்டார் சங்கிலிமுத்து.

"ரெண்டு தெருவும் இல்லைவே" என்றார் தலைவர்.

திரும்புகிற ரயிலில் வைரவநாதனும் சங்கிலிமுத்துவும் பல வருஷத்துக்குப் பிறகு ஒரே பொட்டலத்திலிருந்து முறுக்குத் தின்றார்கள். தனக்குக் கிடைக்காதது இருவருக்கும் வருத்தம்தான். எதிராளிக்கும் கிடைக்கவில்லை என்பதில் அது கரைந்துபோயிற்று.

மே 6ஆம் தேதி நடந்த கொடையில், முதல் பரிவட்டம் பெற வருமாறு தாமஸ் ஹார்டில் ஒலிபெருக்கியில் அழைக்கப்பட்டார். நண்பகல் வரை காத்திருந்தும் வரவில்லை. ஊரை அவமதித்த அந்தக் குடும்பத்தில் இனிப் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை என்று மறுநாள் மே 7இல் இரண்டு தெருவும் சேர்ந்து முடிவு செய்தன.