பாயசத்தின் மேல் ஊறுகாய்

முல்லை அடுக்ககத்தில் நடந்த கூத்தைக் கேளுங்கள்! வாட்ச்மேன் மாரப்பன் வீடு வீடாகப் போய், ஈரக் குப்பைக்கு ஒரு வாளி, காய்ந்த குப்பைக்கு ஒரு வாளி என்று எல்லாரையும் பழக்கிவிட்டான். சங்கத் தலைவர் தணிகாசலம் மட்டும் மசியவே இல்லை. அழுகின தக்காளி, பால் கவர், பழைய பேப்பர் எல்லாம் அவர் வீட்டில் ஒரே பைதான். கேட் வரைக்கும் நாறியது.

அந்த நாற்றத்துக்கும் திட்டு வாங்கினவன் மாரப்பன்தான்!

"நாளையிலிருந்து இங்க குப்பை நாறக் கூடாது. நாறுனா உன் வேலை போச்சு" என்று உறுமினார் தலைவர்.

"நீங்களும் பிரிச்சுப் போட்டா நாறாதுங்கய்யா."

"எதுக்குடா பிரிக்கணும்? எல்லாம் ஒரே லாரியிலதானே போகுது!"

மாரப்பன் அவர் வீட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

மறுநாள் அடுக்ககத்தில் பொங்கல் விருந்து. பந்தி பரிமாறியது மாரப்பன். எல்லார் இலையிலும் எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தது. தலைவர் இலைக்கு வந்தானோ இல்லையோ, சோற்றின் மேல் ரசம், ரசத்தின் மேல் பாயசம், பாயசத்தின் மேல் ஒரு கரண்டி ஊறுகாய்!

தலைவர் துள்ளி எழுந்தார். "அடப்பாவி! இதை மனுஷன் தின்பானா?"

"எல்லாம் ஒரே வயித்துக்குத்தானே போகுதுங்கய்யா!"

பந்தியே குலுங்கிச் சிரித்தது.

"நல்ல சாப்பாட்டைக் குப்பையாக்கிட்டியேடா!"

"ஆமாங்கய்யா. தனித்தனியா இருந்தவரைக்கும் எதுவுமே குப்பையில்லை."

அன்று சாயங்காலமே தலைவர் கைக்கொரு வாளியோடு படியிறங்கி வந்தார். மாரப்பன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

"உங்க பங்குப் பாயசம் எடுத்து வச்சிருக்கேங்கய்யா. தனிக் கிண்ணத்துல!"