பல்லக்குக்குப் பின்னால் ஒரு குரல்

வெகு காலத்துக்கு முன்னால், பூங்கரை நாட்டை மாறவேல் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் மூக்கின் மேல் கோபம். காலையில் ஒருவனுக்கு மாலை போடுவார், மாலையில் அவனையே ஊரைவிட்டுத் துரத்துவார். அதனால் அவரிடம் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். அரசர் தும்மினால்கூட "ஆஹா, என்ன கம்பீரம்" என்பார்கள். இத்தனை பேர் நடுவில் அந்த மனிதர் தன்னந்தனியாக இருந்தார். அது அவருக்கே தெரியாது.

அவருடைய பல்லக்கை நாலு பேர் தூக்கினார்கள். முன்தண்டில் காளத்தியும் அவன் மைத்துனனும். பின்தண்டில் இருளப்பனும் இன்னொருவனும். பின்னால் வருகிறவனுக்குப் பல்லக்கின் பலகைதான் தெரியும், பாதை தெரியாது. ஆகவே முன்னால் போகிற காளத்தி "இடப்பக்கம் கல்லு" என்பான். பின்னால் இருப்பவர்கள் "சரிண்ணே" என்பார்கள். "சேறுடா, பார்த்து." "சரிண்ணே." இப்படியே வழிநெடுகப் பேச்சு ஓடும். பல்லக்குக்காரர்கள் அப்பன் பாட்டன் காலம் தொட்டு அப்படித்தான் நடந்தார்கள்.

அவர்களை மேற்பார்க்கக் கோமேதகராயர் என்று ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். அமைச்சர் அறவாழியைக் கண்டாலே இந்த ராயருக்கு வயிறு எரியும். எப்படியாவது அரசரிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று, "மகாராஜா காது கேட்கச் சேறு, சாணி என்று கத்துவதா? இனிப் பல்லக்கைத் தொட்டவன் வாயைத் திறக்கக் கூடாது" என்று கட்டளை போட்டுவிட்டார். காளத்தி போய் எவ்வளவோ எடுத்துச் சொன்னான். ராயர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

கட்டளை வந்த பிறகு இருளப்பனுக்கு அந்த வேலையே சிறையாகிவிட்டது. மழையோ வெயிலோ, பலகையில் செதுக்கிய இரண்டு கிளிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தான். முன்னால் சொந்த மனிதர்கள் போகிறார்கள், பக்கத்தில் தோழன் வருகிறான். ஆனாலும் ஆளில்லாக் காட்டில் போவது போல இருந்தது. ஒருநாள் கல்லில் இடறி விழுந்தான். பல்லக்குச் சாய்ந்தது, அரசரின் கிரீடம் உருண்டது. ராயர் அங்கேயே அவனை வேலையைவிட்டு விலக்கினார்.

மற்ற மூவரும் பல்லக்கை இறக்கி வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்கள். "அவன் இல்லாம நாங்க தூக்க மாட்டோம் சாமி" என்றான் காளத்தி.

அரசருக்கு வந்ததே கோபம். நாலு பேரையும் குடும்பத்தோடு நாடு கடத்தச் சொன்னார். அப்போது அறவாழி முன்னால் வந்தார். ராயர் கட்டளைப்படியே இன்னும் ஒரே ஒருமுறை, கோயில் வாசல் வரை, இவர்கள் நால்வரும் தூக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். வாய்பேசாமல் போய்ச் சேர முடிந்தால் இவர்களோடு தானும் பதவியை விட்டுப் போய்விடுவதாகச் சொன்னார். அரசரும் சம்மதித்தார். காளத்தியைத் தனியே அழைத்து, "என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே" என்றார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் தலையாட்டினான்.

பிறகு அமைச்சர் ராயரிடம் மிகப் பணிவாகச் சொன்னார்: "இவ்வளவு ஒழுங்கைக் கொண்டுவந்தவர் நீங்கள். ஊரே பார்க்க, பல்லக்கின் பின்பலகையில் கை வைத்து, அதை ஒட்டியே நடந்து வரும் பெருமை உங்களுக்குத்தான்."

ராயருக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் பட்டு உடுத்தி, பலகையில் கை பதித்துப் புறப்பட்டார்.

முதல் திருப்பத்திலேயே கால் கட்டைவிரல் கல்லில் மோதியது. கொஞ்ச தூரத்தில் சாணியில் மிதித்தார். எட்டிப் பார்க்கலாம் என்றால் பலகையிலிருந்து கையை எடுக்கக் கூடாது, ஊர் பார்க்கிறது. கண்ணுக்கு முன்னால் அந்த இரண்டு கிளிகள் மட்டும்தான். திடீரென்று முன்னால் போகிறவர்களின் நடை மாறியது. எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். இத்தனை கூட்டத்தில் தனக்கென்று ஒரு வார்த்தை சொல்ல யாருமில்லை என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"டேய் காளத்தி, முன்னால என்னடா இருக்கு? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டா!" என்று அலறினார்.

காளத்தி வாய் திறக்கவில்லை. பல்லக்கு நின்றது. அரசர் திரையை விலக்கினார்.

"பேசக் கூடாது என்றவர் யார்?" என்று கேட்டார்.

ராயர் தலை குனிந்தார். கூடவே நடந்து வந்த அறவாழி மெல்லச் சொன்னார்: "பின்னால் வருகிறவனுக்கு அந்தக் குரல்தான் கண், அரசே."

அரசர் பல்லக்கின் உட்பக்கத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "இந்தப் பெட்டிக்குள் எனக்கும் பாதை தெரியாது. இவர்கள் பேச்சை நிறுத்தியதிலிருந்து எனக்கும் என்னவோ போல இருந்தது, ஏனென்று இப்போதுதான் தெரிகிறது. முன்னால் பள்ளம் இருக்கிறது என்று அரண்மனையில் ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை" என்றார்.

இருளப்பனுக்குத் தன் தங்கக் காப்பைக் கழற்றிப் போட்டு, நால்வரையும் வேலையில் நிறுத்தினார். அறவாழிக்குத் தன் தோளில் கிடந்த பட்டைப் போர்த்தினார். ராயருக்கும் தண்டனை ஒன்றும் இல்லை. இனி எல்லா ஊர்வலத்திலும் அவர் அந்தப் பெருமையான இடத்திலேயே நடக்க வேண்டும் என்று உத்தரவு, அவ்வளவுதான். அன்று முதல் காளத்தி வாய் திறந்தால் போதும், முதலில் "சரி" சொல்வது ராயர்தான்.

பல்லக்கு மறுபடி கிளம்பியது. "வாய்க்கால்டா, அகலமா எட்டு வை" என்றான் காளத்தி. பின்னாலிருந்து "சரிண்ணே" என்றார்கள். திரைக்குள்ளிருந்தும் மெதுவாக ஒரு "சரிண்ணே" கேட்டது.

அரசரின் குரல் என்று தெரிந்ததும் நால்வரும் நடுங்கிப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோயில் வரை யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மாறவேல் அரசர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. காளத்தி சொல்லும் ஒவ்வொரு கல்லுக்கும் சேற்றுக்கும், திரைக்குள் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொள்வார்.