கருநாக்கன் மறந்த பேர்

முன்னொரு காலத்தில், கல்லுக்கும் காது கேட்ட காலத்தில், ஏழு மலைக்கு அந்தப்பக்கம் ஆவலூர் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே ஏரி நிறையத் தண்ணீர். வயல் நிறைய வெடிப்பு. ஏன் என்றா கேட்கிறீர்கள்? ஏரி மதகின் மேல் கருநாக்கன் என்கிற மந்திரவாதி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மதகைத் திறக்க வருகிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். "என்ன?" என்று அவர்கள் வாய் தானாகக் கேட்கும். கேட்ட வாயோடு ஆள் கல்லாகிவிடும்; பேரும் கல்லின் விளிம்பில் பதிந்துவிடும்.

ஒரே ஒரு தடவைதான் அவனுக்குப் பிசகியது. "முத்தா!" என்று கூப்பிட்டான், கரையில் இரண்டு முத்தன்கள். இருவரும் "என்ன?" என்றார்கள். யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் மந்திரம் அவனிடமே திரும்பியது. சட்டென்று வாயைப் பொத்தியதால் பிழைத்தான். பாதித் தாடி மட்டும் கருங்கல். அன்றிலிருந்து தெருவையும் சேர்த்துத்தான் கூப்பிடுவான். "மேலத்தெரு மருதா!" என்று கூப்பிட்டுத்தான் சிலம்பாயியின் அண்ணனைக் கல்லாக்கினான்.

சிலம்பாயிக்குப் பதினாறு வயசு. "கிழவி பேரு, கிழவி பேரு" என்று ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்யும். ஒருநாள் ஏரிப் படித்துறையில் துவைக்கிற கல்லின் பாசியைச் சுரண்டினாள். விளிம்பில் எழுத்து தெரிந்தது. சி... லம்... பா... யி.

"யாருடி இது, எம் பேரை வச்சுக்கிட்டுக் குப்புறப் படுத்திருக்கிறது?"

கடப்பாரையால் நெம்பிப் புரட்டினாள். ஒரு பெண்! கையில் அவளுக்கும் ஒரு கடப்பாரை. வாய், அண்ணனுடையதைப் போலவே, "என்ன" என்று கேட்டபடி திறந்திருந்தது. கருநாக்கன் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் முதன்முதலாகக் கல்லாக்கியவள் அவள்தான். ஊர் மறந்தது. அவனும் மறந்தான்.

அதன்பின் தினமும் துணியை ஊறவைத்துவிட்டுச் சிலம்பாயி கல்லோடு பேசுவாள்.

"அக்கா, நீ ராஜா லாயத்து வெள்ளைக் குதிரையை அவுத்துக்கிட்டு வந்திருப்பே. வழியிலே புலி மறிச்சிருக்கும். 'நகரு பூனை'ன்னிருப்பே. பயம் வீசை என்ன விலைன்னு கேட்டிருப்பே."

ஒருநாள் புலியைச் சொன்னபோது கல் உதடு லேசாகக் கோணியது.

மறுநாள் காலை சிலம்பாயி கல்லின் காதருகே குனிந்தாள். "அக்கா, அவன் நம்ம பேரைக் கூப்பிடுவான். நீயும் ஒரு குரல் குடு." கடப்பாரையைத் தோளில் போட்டு நடந்தாள்.

அம்மா மறித்தாள். "ஒண்ணைக் கல்லாக் குடுத்தது போதாதா? போகாதேடி!"

"போவேன்."

காவல்காரன் மறித்தான். "ராஜா உத்தரவு. திரும்பிப் போ."

"போவேன். அந்தப்பக்கமா."

கருநாக்கன் கல் தாடியைத் தடவினான். "அண்ணனுக்குத் துணை நிக்க வந்தியா குட்டி? ஓடிப் போ."

"மதகைத் திறந்துட்டுப் போவேன்."

"பேரு?"

"சிலம்பாயி."

"எந்தத் தெரு?"

"எம் பேருக்குத் தெரு வேற வேணுமா? பயந்தா விடு."

அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். "இந்த உளுத்த பேரை இன்னொருத்தி வச்சிருப்பாளா! சிலம்பாயீ!"

"என்ன?" என்றது அவள் வாய். பாதம் கல்லானது. முழங்கால் கல்லானது. இடுப்பும் கல்லானது. படித்துறையில் சத்தமே இல்லை.

"அக்கா!" என்று கத்தினாள். "உன்னையுந்தான் கூப்பிடுறான்!"

"என்னடா?" என்றது ஒரு குரல்.

கருநாக்கனின் சிரித்த வாய் இன்னும் மூடவில்லை. மந்திரம் நேரே நாக்கில் போய் விழுந்தது. நாக்கு கல், தலை கல், மீதித் தாடியும் கல். அவன் போட்ட கட்டெல்லாம் அவிழ்ந்தது. சிலம்பாயியின் கால் அசைந்தது. மருதன் கண்ணைக் கசக்கி, "யாரு கூப்பிட்டது?" என்றான்.

இரண்டு கடப்பாரைகள் மதகை நெம்பின. தண்ணீர் பாய்ந்தது.

ராஜா பல்லக்கில் விரைந்து வந்தார். "என்ன வேண்டும், கேள் பெண்ணே!"

"மதகு இனி ஊருக்கு. அது மேலே எவனும் உட்காரக்கூடாது. நீங்களுந்தான்."

ராஜா "சரி" என்றார்.

பழைய சிலம்பாயி தலைமுடியிலிருந்து பாசியைப் பிழிந்தாள். "குதிரைன்னு யாருடி சொன்னது? எருமை. புலியைப் பார்த்ததும் மரத்துல ஏறிட்டேன். பல்லெல்லாம் கிடுகிடுத்துச்சு."

"அப்புறம்?"

"விடிஞ்சதும் இறங்கி வந்தேன். வயல் காஞ்சு கிடந்துச்சே."

"வீட்டுக்கு வா அக்கா, கஞ்சி குடிக்கலாம்."

"முந்நூறு வருஷமா எம் முதுகுல துணி அடிச்ச ஊரு. படுத்துப் படுத்து அலுத்துப்போச்சு. ஏழு மலை பாக்கியிருக்கு எனக்கு."

ராஜா போனார். ஊர் வயலுக்குப் போனது. அண்ணனும் தங்கையும் தண்ணீருக்குப் பின்னாலேயே ஓடினார்கள். கடைசியாகப் பழைய சிலம்பாயி கடப்பாரையைத் தோளில் போட்டு, மேய்ந்துகொண்டிருந்த ஓர் எருமையை நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டபடி, கரையோடு நடந்து போனாள்.