மதகுக் காவலரின் பெயர்

"ஒரே ஒரு உத்தரவை மறுத்தேன், தாயே. அதற்காக என் இருபது வருஷத்தையும் கிளறுகிறார்கள்."

மங்கையம்மை திரும்பிப் பார்க்கவில்லை. மழையில் விரிசல் விட்ட குடிசைச் சுவரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சொன்னவர் செங்கோடன். பெரிய ஏரிக்கு அதிகாரி. வயதில் இருவரும் ஒன்றுதான். ஆனாலும் மனம் குழம்பும்போதெல்லாம் இந்தக் குன்றேறி வந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிடுவார்.

"என்ன உத்தரவு?"

"ஏரி தளும்பியது. கீழ்க்குடிப் பக்கம் கரையை வெட்டிவிட மேலிடத்து உத்தரவு. மாட்டேன் என்றேன். தண்ணீர் எதிர்ப்பக்கம் பாய்ந்து கடைத்தெருவில் இடுப்பளவு நின்றது. வணிகர்கள் அரசரிடம் போய்விட்டார்கள். ஏழு பேர் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள்."

"கீழ்க்குடி?"

"ஒரு கோழிகூடச் சாகவில்லை."

"நல்லதுதானே செய்திருக்கிறாய்."

"அதைத்தான் கேட்கிறேன்! இந்த வருஷத்து மழையைப் பற்றிப் பேச உட்கார்ந்தவர்கள், பழைய ஏடுகளை ஏன் புரட்டுகிறார்கள்?"

மங்கையம்மை கரண்டியால் விரிசலைச் சுரண்டினார். மண் பொலபொலவென்று கொட்டியது. நூலளவு இருந்த விரிசல் கையகலம் ஆனது.

"இவ்வளவு சுரண்ட வேண்டுமா?" என்றார் செங்கோடன்.

"கெட்டி மண் தட்டுகிற வரைக்கும்."

மேலும் கொஞ்சம் சுரண்டினார். பிறகு கேட்டார்: "புரட்டியதில் என்ன கிடைத்தது?"

"கரையில் மாடு மேய்த்த ஒருவரை உச்சி வெயிலில் நிற்க வைத்தது. திருவிழாவுக்குப் போய்விட்டு மூன்று நாள் தாமதமாக மதகைத் திறந்தது. பொய்யில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

"பயப்படுகிறாய்."

"பயமா? கோபம்."

"கோபம் என்றால் அந்த ஏழு பேரிடம் போயிருப்பாய். இங்கே வந்திருக்கிறாய்."

செங்கோடன் குரலைத் தாழ்த்தினார்.

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு மழை. அப்போது நான் கரையை வெட்டச் சொன்னேன். விடியற்காலை. நாற்பது வீடு போயிற்று. கீழ்க்குடியில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை."

மங்கையம்மையின் கை நின்றது.

"ஏட்டில் என்ன எழுதினாய்?"

"மதகுக் காவலர் தூங்கிவிட்டார், கரை தானாக உடைந்தது என்று. வேலையைவிட்டு நீக்கினோம். அந்த ஏட்டை நாளைக் காலையில் பிரிக்கிறார்கள்."

"விசாரிக்கிற ஏழு பேர் யார் யார்?"

செங்கோடன் மடமடவென்று ஒப்பித்தார். பெயர், தகப்பனார் பெயர், யாருக்கு யார் உறவு, எல்லாம்.

"அந்தக் காவலர் பேர் என்ன?"

செங்கோடன் வாயைத் திறந்தார். மூடினார்.

யோசித்தார். முகம் நினைவுக்கு வந்தது. கொட்டுகிற மழையில் மண்வெட்டியோடு நின்று, "ஐயா, கீழே ஜனங்கள் இருக்கிறார்கள்" என்று கெஞ்சிய குரலும் வந்தது. பெயர் வரவில்லை.

"பேரைக் கேட்டுக்கொண்டு வா," என்றார் மங்கையம்மை. "பிறகு பேசலாம்."

அவர் மண் குழைக்கத் தொடங்கிவிட்டார்.

செங்கோடன் குன்றிறங்கிக் கீழ்க்குடிக்குப் போனார். இந்த வருஷம் ஊரைக் காப்பாற்றியவர் என்று ஆளாளுக்குக் கும்பிட்டார்கள். ஒருத்தி இளநீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"முன்பு ஏரியில் ஒரு மதகுக் காவலர் இருந்தாரே. அவர் பேர் என்னம்மா?"

அவள் முகம் கறுத்தது.

"அந்தத் தூங்குமூஞ்சியா? என் மாமியாரைத் தண்ணீருக்குக் கொடுத்தவன். அவன் பேரை இந்த ஊரில் யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை, சாமி."

"என்ன பேர்?"

"மாசானம். ஊரே சேர்ந்து விரட்டிவிட்டோம். மேற்கே சுண்ணாம்புக் காளவாயில் கிடக்கிறான் என்று கேள்வி."

செங்கோடனால் அந்த இளநீரைக் குடிக்க முடியவில்லை.

பெயர் கிடைத்துவிட்டது. குன்றுக்குத் திரும்பியிருக்கலாம். கால்கள் மேற்கே நடந்தன.

காளவாய்க்குப் போனபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மாசானம் சுண்ணாம்புக்கல் உடைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் வெந்து வெளுத்திருந்தன. வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உட்காரக் கல்லொன்றைத் தள்ளிப்போட்டார்.

"மாசானம்," என்றார் செங்கோடன்.

"நேற்றே வந்தார்கள், ஐயா. விசாரணை ஆட்கள்."

செங்கோடன் அந்தக் கல்லில் உட்கார்ந்தார். "என்ன சொன்னீர்கள்?"

"தூங்கிவிட்டேன் என்றேன்."

"ஏன்? உள்ளதைச் சொல்லியிருக்கலாமே! என்னைப் பிடித்திருப்பார்களே!"

"ஆமாம். அவர்களுக்கு வேண்டியது நீங்கள்." மாசானம் சுத்தியலைக் கீழே வைத்தார். "எனக்கு வேண்டியது கீழ்க்குடி. நான் அரசவையில் எதைச் சொன்னாலும் வணிகர்கள் சொல்லிக்கொடுத்தது என்றுதான் ஊர் நினைக்கும். நீங்கள் வந்து சொன்னால் நம்புவார்கள். அதற்காகத்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறேன்."

"நான் வரவில்லை என்றால்?"

மாசானம் உடைத்து வைத்திருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாக உடைக்கும் கல்.

செங்கோடன் எழுந்தார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"புறப்படுங்கள். இருட்டுவதற்குள் கீழ்க்குடி போய்விடலாம். ஊர் முழுக்க இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்."

மாசானம் நம்பாமல் பார்த்தார்.

"நாளைக் காலையில் உங்களுக்கு விசாரணை ஆயிற்றே, ஐயா?"

"அது நாளைக்கு," என்றார் செங்கோடன்.