வேருக்குள் முனகிய பேய்

கப்பல்கள் காற்றை நம்பி வந்துபோன அந்தக் காலத்தில், ஓர் அரசருக்குக் கால்கள் இரண்டும் சவம்போல் குளிர்ந்துபோயின. சீனத்து வைத்தியர் லியாங் ஒரு கறுத்த வேரைக் கஷாயமாக்கிக் கொடுத்தார். அரசர் எழுந்து நடந்தார். மறுநாளும் அதே வேர், அதே பானை, அதே அளவு. குடித்ததும் உதடு மரத்தது, நெஞ்சு தாறுமாறாய் அடித்தது. அரசர் பிழைத்ததே பெரும்பாடு.

மருந்து ஒரே நாளில் நஞ்சானது எப்படி? லியாங்கை அழைத்து வந்த அரசவை விகடன் மாறாப்பனுக்கு எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

இதற்கென்றே காத்திருந்தவர்போல் அரண்மனை வைத்தியர் திருமேனியார் எழுந்தார். "வேரில் பேய் குடியிருக்கிறது, பிரபு. நேற்று அடுப்படிப் பக்கம் அது முனகியதை என் காதாலேயே கேட்டேன். மாறாப்பனுக்குத் தெரியாத வித்தையா? பிடித்துத் தரட்டும்!"

"நாளைக்குள் பிடித்து வா. தவறினால் லியாங்கின் தலையோடு உன் தலையும் போகும்," என்றார் அரசர்.

மாறாப்பன் லியாங் அடைபட்டிருந்த சிறைக்கு ஓடினான்.

"அந்த வேர் பச்சையாக ஆளைக் கொல்லும்," என்றார் லியாங். "நெடுநேரம் கொதித்தால்தான் நஞ்சு உடைந்து அடங்கும். நேற்று நான் துறைமுகம் போய்த் திரும்புவதற்குள் யாரோ பானையை இறக்கிவிட்டார்கள்."

மாறாப்பன் அடுப்படிக்குப் போய் யாரென்று கேட்டதும், சமையற்காரர் மேலே மாடத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அவசரமாய் விறகை அடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் மாறாப்பன் சபை நடுவே அடுப்பு மூட்டி வேரை வேகவைத்தான். சாளரங்களை அடைத்தான். "பேய் தானாகவே பேசும், பிரபு."

ஆவி சுவரெல்லாம் ஊர்ந்தது. வேர் பானைக்குள் டொக், டொக் என்று தட்டியது. சபையோர் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். நேரம் நகரவே இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரமடா?" அரசர் வெடித்தார். "போதும், இறக்கிக் கொண்டு வா!"

அடுப்பருகே நின்ற சமையற்காரர் துள்ளிப் பானையைப் பிடிக்கப் போனார். மாறாப்பன் அவர் கையைப் பற்றினான். "பிடித்துவிட்டேன், பிரபு! அன்றும் இதே குரல்தான் மாடத்திலிருந்து அடுப்படிக்கு வந்து, வேகும் முன்பே பானையை இறக்க வைத்தது."

"அரசரையா பேய் என்கிறாய்!" என்று கூவினார் திருமேனியார்.

"நான் எங்கே சொன்னேன்? அடுப்படியில் முனகலைக் கேட்டவர் நீங்கள்தானே, ஐயா!"

 அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். லியாங்கை விடுவித்தார், தம் முத்துமாலையை மாறாப்பனுக்குப் போட்டார். அடுப்படிக்கு அன்றே ஓர் ஆணை போனது: லியாங் ஒரு துளியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, மரக்கவில்லை என்று சொல்லும்வரை பானை அடுப்பில்தான் இருக்க வேண்டும், அரசரே கேட்டாலும் இறக்கக் கூடாது.