விபூதி பூசின யானையும் நாமம் போட்ட யானையும்

ஒரு சீமையில ஒரு ராஜா இருந்தாராம், அந்த ராஜாவுக்கு மூணு கோட்டையாம். ஆத்தங்கரையில ஒண்ணு, மேட்டுமேல ஒண்ணு, மலையடிவாரத்துல ஒண்ணு. மலைக்கு அந்தப் பக்கத்து ராஜா எப்போ படையோட இறங்குவானோன்னு பயம். அதனால கோட்டைக்கு முப்பது யானை நிறுத்தணும்னு உத்தரவாம்.

யானையைப் பிடிச்சுப் பழக்கி, தீனி போட்டு நிறுத்துற குத்தகையை எடுத்தவன் தாண்டவன். அதெல்லாம் சொன்னபடி நிக்குதான்னு போய்ப் பார்த்து வர்ற தணிக்கைக்காரன் சொக்கப்பன். ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியைக் கட்டின சகலைங்க. சொந்தக்காரனைப் போய் யாராவது சோதனைக்கு அனுப்புவாங்களான்னு கேக்குறீங்களா? ராஜா விவரமானவர். சகலை நல்லா இருந்தா சொக்கப்பனுக்குப் பொறுக்காது, தப்பு இருந்தா மூடி மறைக்க மாட்டான்னு அவருக்குத் தெரியும்.

பொறுக்காதுன்னா, கொஞ்சநஞ்சமா? தாண்டவன் வீடு மச்சு வீடு, கூடத்துல தேக்கு ஊஞ்சல். சொக்கப்பன் வீட்டுல மழை பேஞ்சா அண்டா, குண்டா, சட்டி எல்லாத்தையும் ஒழுகுற இடத்துல வைக்கணும். பொண்டாட்டி அங்காயி வேற சும்மா இருப்பாளா? "என் தங்கச்சி காதுல கம்மல் மின்னுது, என் காதுல ஈர்க்குச்சி கிடக்கு. நீங்க ஊரு யானையை எண்ணிக்கிட்டே இருங்க"ன்னு சொல்லுவாளாம். இவன் வயிறு திகுதிகுன்னு எரியுமாம்.

இந்தத் தடவை ஒரு நோஞ்சான் யானையாவது கண்ணுல படணும்னு வேண்டிக்கிட்டே ஆத்தங்கரைக் கோட்டைக்குப் போனானாம். முப்பது யானையும் நெத்தியில பட்டையா விபூதி பூசிக்கிட்டு, கொழுகொழுன்னு நின்னுச்சாம். அதுல ஒரு குட்டைப் பெண்யானை தும்பிக்கையை நீட்டி, இவன் மடியில வச்சிருந்த பொரிவிளங்காய் உருண்டையை எடுத்து வாயில போட்டுக்கிச்சாம். அட, யானைகூட என்கிட்ட இருக்குறதைப் பிடுங்குதேன்னு அதுக்கும் எரிஞ்சானாம்.

அப்போ தாண்டவன் ஓடி வந்து, "அண்ணே, விருந்து சாப்பிடாம அடுத்த கோட்டைக்குக் கிளம்பினா உங்க மச்சினிச்சி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா"ன்னு கையைப் பிடிச்சானாம். சகலை வீட்டு விருந்தைத் தட்ட முடியுமா? மூணு நாள். முதல் நாள் நெய்யைப் பார்த்து எரிஞ்சான், ரெண்டாம் நாள் வெள்ளித்தட்டைப் பார்த்து எரிஞ்சான், மூணாம் நாள் அந்த ஊஞ்சல்ல உக்காந்து ஆடிக்கிட்டே எரிஞ்சான்.

அப்புறம் தாண்டவனையும் கூட்டிக்கிட்டு மேட்டுக் கோட்டைக்குப் போனானாம். அங்கேயும் முப்பது யானை, எல்லாம் நாமம் போட்ட யானை. இதுலயும் குத்தம் இல்லையேன்னு இவன் வாடிப்போய் நிக்குறப்போ, வரிசையில இருந்து ஒரு குட்டைப் பெண்யானை நேரா வந்து, இவன் மடிக்குள்ள தும்பிக்கையை விட்டுத் துழாவுச்சாம். இந்த மடியில தின்பண்டம் இருக்கும்னு பார்க்காத யானைக்கு எப்படித் தெரியும்? சொக்கப்பன் எச்சிலைத் தொட்டு நாமத்தை அழிச்சுப் பார்த்தானாம். அடியில விபூதி!

மூணு நாள் இவன் நெய்ச்சோறு தின்னப்போ, யானையெல்லாம் குறுக்குவழியில இந்தக் கோட்டைக்கு நடந்திருக்கு. இருக்குறதே மொத்தம் முப்பதுதான்!

சொக்கப்பனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "ஏண்டா தாண்டவா, மாட்டினியா?"

தாண்டவன் கொஞ்சம்கூட அசரலையாம். சிரிச்சுக்கிட்டே, "அண்ணே, கத்தாதீங்க. இதே மாதிரி மச்சு, இதே மாதிரி ஊஞ்சல், உங்களுக்கும் கட்டித் தரேன். பார்த்தேன், சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்"னானாம்.

எவ்வளவு நாள் ஆசை! சொக்கப்பன் "யோசிச்சுச் சொல்றேன்"னு மட்டும் சொல்லிட்டு, விருந்துக்கும் நிக்காம மலையடிவாரத்துக்கு வண்டியைக் கட்டினானாம். அந்தக் கோட்டை ஊருலதான் அவன் மக பூரணியைக் கட்டிக் கொடுத்திருந்தான். அவளுக்கு நிறைமாசம்.

"வாங்கப்பா, நீங்க ஏன் இளைச்சுட்டீங்க?"

"அது கிடக்கட்டும் தாயி. மலைக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம்னு சொல்றாங்களே, உனக்குப் பயமா இல்லையா?"

"எதுக்குப்பா பயம்? சித்தப்பாவோட யானை முப்பது இருக்கே! கொட்டில் பக்கம் யாரையும் விடமாட்டாங்க, ஆனா பொழுது விடிஞ்சா பிளிறுறது கேக்கும். நாங்க கதவைக்கூடத் தாழ் போடுறது இல்ல."

சொக்கப்பன் கொட்டிலுக்குப் போய் எட்டிப் பார்த்தானாம். ஒரு யானை இல்ல, ஒரு லத்தி இல்ல. ஒரு கிழவன் மட்டும் உக்காந்து, யானை பிளிறுற மாதிரியே கொம்பு ஊதிக்கிட்டு இருந்தானாம். சொக்கப்பன் ஊஞ்சலை நினைச்சான், மகளை நினைச்சான், திரும்பவும் ஊஞ்சலை நினைச்சான். அப்புறம் வண்டியை அரண்மனைக்கு விட்டான்.

எல்லாத்தையும் கேட்டுட்டு ராஜா, "உன்னை அனுப்பினதே உன் வயித்தெரிச்சலை நம்பித்தான்யா. ஆனா எரியிற வயிறு இல்லாததையும் சொல்லுமே?"ன்னாராம்.

"எரியுது மகாராஜா, இல்லைன்னு சொல்லலை. என் பேச்சை நம்ப வேணாம். என் சகலையை யாருன்னே தெரியாத மூணு பேரை மூணு கோட்டைக்கும் அனுப்புங்க. மூணு பேரும் ஒரே நாள், ஒரே உச்சிவேளையில உள்ளே போகட்டும்."

அப்படியே அனுப்பினாராம். சேதி காதுல விழுந்த தாண்டவனும் அவசர அவசரமா ஏற்பாடு பண்ணி வச்சிருந்தானாம். ஆத்தங்கரையில முப்பது யானை நின்னுச்சு. மேட்டுக் கோட்டையில முப்பது மண்யானை நின்னுச்சு, ஒண்ணோட தலையில காக்கா கூடு கட்டிக்கிட்டு இருந்துச்சு. மலையடிவாரத்துல ஆளுங்க கறுப்புக் கம்பளியைப் போத்தி, முறத்தைக் காதா கட்டிக்கிட்டு நின்னாங்களாம். அங்கே பார்க்கப் போனவர் பொடி போடுறவர், மூக்குப்பொடி காத்துல பறந்துச்சு. ஒரு யானை தும்மிட்டு, "அம்மாடி"ன்னு சொல்லுச்சாம்!

தாண்டவனைக் கொண்டுவந்து நிறுத்தினாங்க. "இல்லாத யானைக்கு எல்லாம் தீனி வாங்கினியே, இனிமே அந்த யானைங்க வேலையையும் நீயே செய்"னாராம் ராஜா. கழுத்துல சங்கிலியைக் கட்டி, மரக்கட்டையை இழுக்க விட்டாங்க. மத்தியானம் ஆனா அவன் முன்னால ஒரு கட்டுத் தென்னை ஓலை போடுவாங்களாம்.

அப்புறம் ராஜா, "சொக்கப்பா, என்ன வேணும்? அந்த மச்சு வீட்டையே எடுத்துக்கிறியா?"ன்னு கேட்டாராம். சொக்கப்பன் வாயைத் திறந்தான், மூடினான். "புது யானை பிடிச்சுப் பழக்க வருஷக்கணக்காகும் மகாராஜா. அதுவரைக்கும் இருக்குற முப்பதையும் மலையடிவாரத்துல நிறுத்துங்க. எனக்கு அது போதும்." ராஜாவும் சரின்னுட்டாராம். அந்த வீட்டைப் புது யானை பழக்க வந்த பாகனுங்களுக்குக் கொடுத்துட்டாராம்.

அங்காயி விடுவாளா? "கேட்ட வாயில வீட்டைக் கேட்டிருந்தா என்னவாம்?"னு ஒரு வாரம் பேசலையாம். சொக்கப்பன் அந்தத் தெருவுல போறப்பெல்லாம் ஊஞ்சல்ல பாகனுங்க ஆடுறதைப் பார்ப்பான், வயிறு எரியும். நின்னு பார்ப்பான், இன்னும் எரியும். "எரியட்டும், பூரணி ஊரு வாசல்ல நிஜ யானை நிக்குது"ன்னு சொல்லிக்கிட்டே நடையைக் கட்டுவானாம்.

ஏமாத்தினவன் கட்டை இழுத்தான், பூரணி சுகமாப் பிள்ளை பெத்தா, எரிஞ்சவன் எரிஞ்சுக்கிட்டே நல்லது பண்ணினான். கதை அவ்வளவுதான், கண்ணை மூடுங்க.