நீலத்துக்கு அடியில்

ஐம்பத்திரண்டு வயதில் தொழில் கற்றுக்கொள்ள யாராவது வருவார்களா? ஹோரஸ் வந்தார். பர்மிங்ஹாமில், வெள்ளியில் எனாமல் என்னும் வண்ணக் கண்ணாடிப் பூச்சை உருக்கி ஏற்றி நகை செய்யும் ஒரு சின்னப் பட்டறை அது. குரு வினிஃப்ரெட் அம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். வேலையில் மட்டும் ரொம்பக் கறார்.

முதல் நாளே ஹோரஸின் கையில் ஓர் அடி விழுந்தது.

"கழுவின வெள்ளியை விரலால தொடாதீங்க. கை எண்ணெய் பட்ட இடத்துல எனாமல் தெளியாது. இடுக்கியால பிடிங்க."

ஹோரஸின் மகன் லெனர்ட் இதே பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். சண்டைக்குப் போனான், பிரான்ஸில் செத்துப்போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. வீட்டில் அவன் அம்மா வெறும் தந்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகன் செய்த நகை ஒன்றையாவது அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். ஹோரஸ் வந்தது அதற்குத்தான்.

அலமாரியில் பழைய சரக்கு தட்டுத் தட்டாக இருந்தது. எல்லாம் உடையில் குத்திக்கொள்ளும் நீல வண்ணத்துப்பூச்சிகள். பின்பக்கம் கம்பெனி முத்திரை, பக்கத்தில் ஊர் முத்திரையான நங்கூரம். செய்தவன் பேர் எதிலும் இல்லை. தொழில் படிந்துவிட்டால் மகனுடைய கைவேலையை அடையாளம் கண்டுவிடலாம் என்று நம்பினார், பாவம்.

இரண்டு வருடம் போயிற்று. லென்ஸ் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம்.

"அம்மா, இதுல எது என் பையன் செஞ்சது?"

"தெரியலை."

"ஆறு வருஷம் பக்கத்துல இருந்து பார்த்தீங்களே!"

"நல்ல வேலைக்காரன். ஒரு குறை வைக்க மாட்டான். அதான் தெரியலை."

ஹோரஸ் லென்ஸைக் கீழே வைத்தார். மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அப்ப நாளையிலேர்ந்து நான் வரலை."

வினிஃப்ரெட் அம்மாள் உள்ளே போய் ஒரு தகர டப்பாவோடு திரும்பி வந்தார். அதற்குள் ஒரே ஒரு வண்ணத்துப்பூச்சி. இடது சிறகின் நீலத்துக்கு அடியில் மங்கலாக ஒரு பெருவிரல் ரேகை.

"லெனர்ட் செஞ்சது," என்றார்.

ஹோரஸ் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். "கழுவினப்புறம் தொட்டுட்டான்."

"பட்டாளத்துக்குப் போறதுக்கு முந்தின நாள். அவசரம். எல்லார் முன்னாடியும் திட்டினேன். சண்டை முடிஞ்சு வந்து, எனாமலைச் சுரண்டிட்டு மறுபடி போட்டுத் தரேன்னான்."

"இதை ஏம்மா இத்தனை நாள் காட்டலை?"

"வெட்கம். அவனைத் திட்டி அனுப்பினவ நான்."

ஹோரஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வருடப் பழக்கம்; கை தானாகவே உளியைத் தேடி எடுத்தது.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்கம்மா. சரி பண்ணிடறேன். அவன் அம்மாகிட்ட குடுக்கறதுல ஒரு குறை இருக்கக் கூடாது."

வினிஃப்ரெட் அம்மாள் அவர் கையிலிருந்து உளியை வாங்கி அப்பால் வைத்தார்.

"சரியா செஞ்சதுல எல்லாம் தேடிப் பார்த்துட்டீங்களே, ஹோரஸ். அதுல அவன் இருந்தானா?"